அரை வரி

என் வீட்டுக்காரர் இறந்த வருஷம், ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள், எங்கள் வீட்டுக்கு ஒரு மூடித் தேங்காய் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் வரைக்கும் முழுத் தேங்காய்தான் வரும். கொண்டுவந்தவர் கைதவறி மீதியை எங்கேயோ விட்டுவிட்டார் என்று நினைத்து, "இன்னொரு மூடி எங்கண்ணே?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இனிமே ஒங்களுக்கு அரை வரிதாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மூடியைத் துருவவும் மனசில்லாமல், தூக்கிப் போடவும் மனசில்லாமல் அடுப்படியிலேயே வைத்திருந்தேன். கடைசியில் பூசணம் பிடித்துத்தான் வெளியே போனது.

கூடலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். இங்கே வீட்டை எண்ணுவது கூரையை வைத்து இல்லை, உள்ளே கல்யாணமான ஆம்பளை இருக்கிறாரா என்பதை வைத்து. இருந்தால் அது ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு முழு வரி கொடுக்கும், முழுத் தேங்காயும் கிடாக்கறியில் முழுப் பங்கும் வாங்கும், ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பேசும். புருஷனைப் பறிகொடுத்தவள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள், இவர்கள் வீடெல்லாம் அரை வரி. ஊர் இரக்கப்பட்டுக் கொடுக்கிற சலுகை என்று இதற்குப் பெயர். சரி, பாதி வரி கொடுக்கிறவள் கூட்டத்தில் பாதி வார்த்தையாவது பேசலாமா என்றால், அது கிடையாது. சுவரோரமாக நின்று கேட்டுக்கொள்ளலாம்.

எனக்குத் திராட்சைப் பந்தல் இருக்கிறது. பூச்சிமருந்துக் கடைக்காரர் எனக்கு அரை விலை போட்டதில்லை. கொத்து வெட்ட வருகிறவர்கள் அரைக்கூலி வாங்கியதில்லை. பழம் எடுக்க வருகிற வியாபாரி என்னிடம் விலை பேசும்போது நான் அரை ஆள் என்று இளகியதும் இல்லை, இன்னும் கொஞ்சம் அடித்துத்தான் கேட்பார். ஊர் ஒன்றுதான் என்னைப் பாதியாக வெட்டி வைத்திருந்தது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு பல வருஷம் மூடித் தேங்காயை வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். அப்படியே இன்னும் இருந்திருப்பேன், இளைஞர் மன்றம் என்று ஒன்று வராமல் இருந்திருந்தால்.

மன்றம் கட்டுவது நல்ல யோசனைதான், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சாயந்தரமானால் ஊர்ப் பயல்கள் எல்லாரும் வாய்க்கால் பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டு இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பாட்டிலும் வரும். பெற்றவர்களுக்குக் கவலை. ஊர் தன் பங்கைத் திரட்டிக் கட்டினால் மீதியை அரசாங்கம் போடும், பழைய களத்து மேட்டில் கட்டிடம் எழுப்பலாம் என்று ஒன்றிய அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். உடனே ஊர்க்கூட்டம் போட்டார்கள். கூட்டத்துக்குத் தலைமை பெரியதனம். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை, எனக்கு மாமா. வரவு செலவு பார்க்கிற செயலாளர் எனக்குக் கொழுந்தன் முறை. ஊரில் யாரிடம் சண்டை போட்டாலும் அது சொந்தக்காரச் சண்டையாகத்தான் முடியும்.

செயலாளர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். பெரிய ஹால், உடற்பயிற்சி சாமான் வைக்க ஓர் அறை, கேரம், டிவி, வெளியே கபடிக்கு இடம், ஓரத்தில் ஆம்பளைகளுக்குக் கழிப்பறை. அவ்வளவுதான்.

என் மகள் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளோடு தெருவில் இன்னும் சில பிள்ளைகள். காலையில் வாய்க்கால் கரையில் ஓடிப் பழகுவார்கள். மேலே லோயர் கேம்ப் மின்நிலையத்திலிருந்து தண்ணீர் திறந்துவிட்ட நாளில் கரையெல்லாம் வழுக்கும், அதோடு பின்னாலேயே பைக்கில் வந்து ஹாரன் அடிக்கிற பயல்களுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். படிக்க இடமென்று பார்த்தால் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. அதிலும் பாதியை மருந்தடிக்கிற டிரம்மும் உர மூட்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த வாடையில் உட்கார்ந்து படித்து அவளுக்குத் தலைவலி போகாத நாளே இல்லை. மன்றம் வருகிறது என்று கேள்விப்பட்டதும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, எங்களுக்கு ஒரு ரூமு, ஒரு மேச. அதுக்கு மட்டும் கேட்டுப் பாரும்மா."

அதனால் சுவரோரத்திலிருந்து கேட்டேன். "மாமா, இதுல பொம்பளப்புள்ளைக உக்காந்து படிக்க எடம் எங்கன இருக்கு?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பெரியதனம் செருமினார். செயலாளர்தான் பதில் சொன்னார். "மதினி, இது இளைஞர் மன்றம்ல."

"எளைஞர்னா ஆரு? எம்மக என்ன கெழவியா?"

யாரோ சிரித்தார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "முழு வரிக்காரக பேசட்டும் மதினி. நீங்க செத்த பொறுங்க."

பொறுத்தேன். முழு வரிக்காரர்கள் பேசினார்கள். டிவி எத்தனை அங்குலம் வாங்கலாம் என்று வெகுநேரம் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. முழு வரிக்காரர்தான் பேசலாம் என்றால் முழு வரியைக் கொடுத்துவிட்டுப் பேசிவிட்டுப் போகிறேன், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வேறு திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. நான் பெரிய ராஜதந்திரி என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் சும்மா. நடந்தது கொழுந்தனின் அவசரத்தால் நடந்தது.

எங்கள் ஊரில் வரி வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. கோவில் வரியோ கண்மாய் வரியோ, தாம்பாளத்தோடு வீடு வீடாக வருவார்கள். வீட்டுக்காரர் பணத்தைத் தட்டில் வைப்பார். செயலாளர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் போடுவார். ஒற்றிவிட்டால் அது ஊர்ப் பணம். கொடுத்தவர் அதைத் திரும்பத் தொடக் கூடாது, அந்தப் பணம் திரும்ப அந்த வீட்டு வாசலுக்குள் போகவும் கூடாது. சில வருஷங்களுக்கு முன்னால் ஜீப் ஓட்டுகிற ஒருவர் நூறு ரூபாய்த் தாள் என்று நினைத்து ஐந்நூறு ரூபாய்த் தாளைச் சேர்த்து வைத்துவிட்டார். ஒற்றிய பிறகுதான் பார்த்தார். திருப்பிக் கேட்டதற்குப் பெரியதனம், "கண்ணுல ஒத்துனா ஒத்துனதுதான்" என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷர் குமுளிக்கும் கூடலூருக்குமாக எத்தனை நடை ஓடி அந்தப் பணத்தைத் திரும்பச் சம்பாதித்தாரோ. தெருப் பிள்ளைகள் வெகுநாள் அவரைப் பார்த்தால் கண்ணில் கையை ஒற்றிக் காட்டிவிட்டு ஓடுவார்கள்.

மன்ற வரிக்கு எங்கள் தெருவுக்குத் தாம்பாளம் வந்தபோது நான் வாசலில் தயாராக நின்றேன். முழு வரியை மடித்துத் தட்டில் வைத்தேன். கொழுந்தன் எடுத்தார், கண்ணில் ஒற்றினார், பைக்குள் கையை விட்டார். அரை வரி வீடுதானே, அரை வரிதானே இருக்கும் என்ற நினைப்பு. அப்புறம்தான் கனம் தெரிந்து வெளியே எடுத்து விரித்தார்.

"மதினி, கூட இருக்கு."

"கூட இல்ல. முழு வரி."

"ஒங்களுக்கு அரை வரிதான. மிச்சத்த எடுத்துக்கங்க."

"எதுக்கு எடுக்கணும்? நான் முழுசாத்தான இருக்கேன்."

கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொழுந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது. பாதியைப் பிரித்து என் கையில் திணிக்கப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். அவர் அதை என் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

பணம் காற்றில் பறக்கப் பார்த்தது. தொடவும் முடியாது, பறக்கவிடவும் முடியாது. உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் மேல் வைத்தேன். வைத்துவிட்டுப் பந்தலுக்குப் போய்விட்டேன்.

சாயந்தரம் வருவதற்குள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. என் மகள் வாசலில் கால் வைக்க முடியாமல் பின்கட்டு வழியாகப் போய்வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அழுதுவிட்டாள்.

"எடும்மா. அசிங்கமா இருக்கு. எல்லாரும் வந்து வந்து பாத்துட்டுப் போறாக. ரூமும் வேணாம் ஒரு எழவும் வேணாம். நீ சண்ட போட்டீன்னா குடுக்க நெனச்சவகளும் குடுக்க மாட்டாக."

"குடுக்க நெனச்சவக ஆரு? ஒருத்தர் பேரு சொல்லு பாப்போம்."

அவள் உள்ளே போய்விட்டாள். அவளுக்காகப் போட்ட சண்டை அவள் தலையிலேயே விடிந்துவிடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. அந்த அறை கிடைக்காமல் போனால் அவள் என்னைத்தான் குறை சொல்லுவாள், சொல்லவும் வேண்டும். சோறு இறங்கவில்லை. ஆனால் குழவியை எடுக்கவும் இல்லை. எடுத்தால் செத்தாலும் நான் அரைதான் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் விடியற்காலையில் எதிர்வீட்டுக்காரி வந்தாள். புருஷன் வேறு குடித்தனம் போய்விட்டான். அவள் தினமும் ஜீப் ஏறி மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். தூக்குச்சட்டியோடு நின்றாள்.

"அக்கா, நேத்து அவரு கோவத்துல பாதியிலயே போயிட்டாருல்ல, எங்க வீட்டுக்கு இன்னைக்குத்தான் தட்டு வருது. நானும் முழுசா வைக்கப் போறேன். ஒரு நா வேல போனாப் போகுது."

"அவரு இந்நேரம் சுதாரிச்சிருப்பாரு. எண்ணிப் பாத்துட்டுத்தான் ஒத்துவாரு."

"எண்ணட்டும். நான் மடிச்சா அவரு பிரிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும்."

அவள் எப்படி மடித்தாளோ, மஞ்சள் துணியில் சுற்றி நூல் போட்டு முடிந்து, மேலே குங்குமமும் வைத்துக் கொடுத்திருக்கிறாள். குங்குமம் வைத்த முடிச்சை ஒற்றாமல் பிரிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஒற்றினார். பிரித்தார். திட்டினார். பாதியை அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவளிடம் அம்மிக் குழவி இல்லை, மிக்சிதான். செங்கல்லை எடுத்து வைத்தாள். அடுத்த தெருவில் இன்னும் இரண்டு அரை வரி வீடுகளில் அதே மாதிரி செய்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் பயந்துபோய்ப் பணத்தை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கொழுந்தனுக்குக் கணக்கு முடியவில்லை. அரை வரி என்று எழுதினால் ஒற்றிய பணம் இடிக்கும், முழு வரி என்று எழுதினால் கையில் பணம் இடிக்கும். ஊரின் பங்கை ஒன்றிய அலுவலகத்தில் கட்ட வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர்ப் பணத்தில் ஒரு பகுதி வாசற்படிகளில் கல்லுக்கடியில் கிடந்தது. குமுளி மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வேறு வந்தது. குடையோடு ஓடிவந்து நின்றார்.

"மதினி, நனைஞ்சிரும். தயவுசெஞ்சு உள்ள எடுத்து வைங்க."

"ஊருப் பணத்த நான் தொடலாமாப்பா?"

"அது ஒங்க பணம்."

"எம்பணம்னா நீ எதுக்குக் கண்ணுல ஒத்துன?"

மழை பிடித்துக்கொண்டது. கடைசியில் அவரே தன் குடையை விரித்துக் குழவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு நனைந்துகொண்டு போனார். அதைப் பார்த்து என் மகள் உள்ளே இருந்து சிரித்துவிட்டாள். ரெண்டு நாளாக அவள் முகத்தில் சிரிப்பையே நான் பார்த்திருக்கவில்லை.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்களைக் கூப்பிட்டார்கள். நான் சுவரோரத்துக்குப் போகாமல் நேராக நடுவில் போய் நின்றேன். சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டேன்.

"ஏத்தா, என்ன இது?" என்றார் பெரியதனம். "ஊரு சிரிக்குது."

"சிரிக்கட்டும் மாமா. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வாசல்ல கெடக்குறது ஊருப் பணமா, எம்பணமா? எம்பணம்னா ஜீப்பு ஓட்டுற அண்ணனுக்கு அன்னைக்கு நானூறு ரூவாயத் திருப்பிக் குடுங்க. ஊருப் பணம்னா வந்து எடுத்துக்கங்க, எங்க வீட்டுக்கு முழு வரின்னு சொல்லுங்க. நீங்கதான சொன்னீக, ஒத்துனா ஒத்துனதுதான்னு."

பின்வரிசையிலிருந்து ஜீப்புக்காரர் எழுந்துவிட்டார். "அதக் கேளும்மா!" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியதனம் மட்டும் சிரிக்கவில்லை. தன் வாயால் சொன்னதைத் தானே விழுங்க வேண்டும், இல்லையென்றால் எங்கள் முழு வரியை விழுங்க வேண்டும். இரண்டும் அவருக்குக் கசந்தது.

ஒருவர் எழுந்து, "இன்னைக்கு இதுக்கு விட்டா, நாளைக்குக் கெடாவெட்டுல முழுப் பங்கு கேப்பாளுக" என்றார்.

"ஆமாண்ணே, கேப்போம்" என்றேன். "கூட்டத்துல உக்காந்து பேசவும் செய்வோம். இப்பவே பேசுறேன். அந்த வரைபடத்துல பொம்பளப்புள்ளைகளுக்கு ஒரு ரூமும் ஒரு கக்கூசும் போடுங்க. காலைல அதுக ஓடுறதுக்கு மைதானத்த விடுங்க. முழு வரிக்காரி கேக்குறேன்."

வெகுநேரம் சளசளவென்று பேசினார்கள். ஒவ்வொருவரும் தன் பாட்டன் காலத்தை இழுத்தார்கள். கடைசியில் பெரியதனம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஒத்துனது ஒத்துனதுதான்" என்றார். என்னைப் பார்க்காமல் செயலாளரைப் பார்த்து, "ஏலே, இனிமேயாச்சும் எண்ணிட்டு ஒத்து" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு: வாசலில் கிடந்தது ஊர்ப் பணம், நாங்கள் முழு வரி. அதில் நியாயம் எதுவும் இல்லை, எங்கள்மேல் மரியாதையும் இல்லை. அவருடைய சொல் பொய்த்துப் போகக் கூடாது, அது ஒன்றுதான் அவருக்கு. எனக்கு அது போதும். மனசு மாறுகிற வரைக்கும் காத்திருக்க எனக்கு ஆயுசு இல்லை.

வரைபடம் மாறியது. டிவி சின்னதானது. அதற்கு இன்றைக்கும் சில பயல்கள் என்னை முறைக்கிறார்கள். கட்டிடம் எழும்பும்போது கிழக்கே ஓர் அறை எழும்புகிறதா என்று பந்தலுக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று பார்ப்பேன். கொத்தனார் என்னைக் கண்டதும், "இருக்கும்மா, இருக்கு" என்று சாரத்திலிருந்தே குரல் கொடுப்பார். வாசலில் எழுதியிருக்கிற பெயர் மட்டும் இன்னும் இளைஞர் மன்றம்தான். அதை நான் மாற்றச் சொல்லவில்லை. என் மகளும் இளைஞர்தான்.

திறப்பு விழாவுக்கு அதிகாரிகள் வந்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம்தான் ஊர் விழா. தேங்காய் கொடுக்க ஆரம்பித்தார்கள். கொழுந்தனுக்கு ஒரு பக்கம் சாக்கில் முழுத் தேங்காய், இன்னொரு பக்கம் தாம்பாளத்தில் உடைத்த மூடிகள். நான் பின்னால் நின்றுகொண்டேன். எங்கள் வீட்டுக்கு மகள் போனாள். அவர் பழக்கத்தில் ஒரு மூடியை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அவள் நகரவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

"என்னத்தா?" என்றார்.

"இன்னொன்னு, சித்தப்பா."

அவர் விழித்தார். பின்னால் வரிசை முண்டியது. அசிங்கமாக இருக்கிறது என்று என்னிடம் அழுத பிள்ளை, களத்து மேடு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"முழு வரி, சித்தப்பா."

அவர் முழுக்காயை எடுக்கச் சாக்குக்குள் குனியவில்லை. அந்த அளவுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. தாம்பாளத்திலிருந்து இன்னொரு மூடியை எடுத்து முதல் மூடிக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் ரெண்டையும் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் வாங்கிச் சேர்த்துப் பார்த்தேன். வேறு வேறு தேங்காய். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது, வாய் பொருந்தவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கோபத்திலா சந்தோஷத்திலா என்று எனக்கே தெரியவில்லை.

அவள் என் கையிலிருந்து ரெண்டையும் வாங்கிப் பைக்குள் போட்டாள்.

"விடும்மா. அடுத்த தடவ ஒடைக்காத காயாக் கேப்போம்" என்றாள்.